கனமான சேறு

எங்கள் குடாவின் வடக்கு மூலையில் இருக்கும் சேற்றுக்குக் களிம்பு என்று பெயர் வைத்தவளே நான்தான். அதற்காக இன்று யாராவது என்னைத் திட்ட வந்தால் வாயை மூடிக்கொண்டு கேட்டுக்கொள்வேன். என்னைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும்.

தபால் நிலையத்தில் முப்பத்திரண்டு வருஷம் பொட்டலம் எடை போட்டவள் நான். ஒரு பெட்டியைக் கையில் தூக்கினாலே எத்தனை கிராம் என்று சொல்லிவிடுவேன். ஓய்வு பெற்ற வருஷம், முழங்கால் வலிக்கு ஊர்ப் பெண்கள் எல்லாரும் செய்வதுபோல நானும் சேறு பூசப் போனேன். ஓடை கடலில் விழுகிற இடத்தில் ஒரு வாளி அள்ளினேன். மூலையில் ஒரு வாளி அள்ளினேன். ஒரே வாளி, ஒரே அளவு. மூலைச் சேறு இரண்டு கிலோ அதிகம். கனமான சேறுதான் வலியை இழுக்கும் என்று அங்கேயே தீர்ப்புச் சொல்லிவிட்டேன். நான் எடையைப் பற்றிச் சொன்னால் ஊரில் யாரும் மறுத்துப் பேசமாட்டார்கள்.

அன்றிலிருந்து நாங்கள் மூன்று பேர். நெதில்கா என் மகள் மார்த்தாவுக்கு ஞானத்தாய். அந்த உறவில் நானும் அவளும் ஒருவரையொருவர் "குமா" என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். ஸோர்கா ரொட்டிக்கடைக்காரி, அவள் வாய்க்கு ஞாயிற்றுக்கிழமைகூட விடுமுறை கிடையாது. ஜூன் பிறந்தால் காலை எட்டு மணிக்கு மூலையில் இருப்போம். நெற்றியிலிருந்து கணுக்கால்வரை பூசிக்கொண்டு, சேறு காய்ந்து வெடிக்கும்வரை வெயிலில் நிற்போம். உட்கார்ந்தால் உதிர்ந்துவிடும் என்பதால் ஊர்க்கதை முழுக்க நின்றபடியேதான். பிறகு கடலில் இறங்கிக் கழுவிவிட்டு, ஊரில் எப்போதும் செய்வதுபோல, மூலையிலேயே இருக்கும் பழைய படகுத்துறையின் கட்டைகளில் ஒட்டியிருக்கும் சிப்பிகளைக் கத்தியால் நெம்பி எடுப்போம். பூண்டு தட்டிப்போட்டு, வெள்ளை ஒயின் ஊற்றி அங்கேயே வேகவைத்து, சாற்றை ரொட்டியால் வழித்துத் தின்போம். மிச்சம் என் வீட்டுக்கு.

என் வீட்டில் அதைத் தின்ன ஆள் இல்லை என்பதுதான் வேடிக்கை. என் புருஷன் யெர்கோ சிப்பியைத் தொடமாட்டான், வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாதாம். மகளும் அப்பனைப் போலவே, சின்ன வயசிலிருந்தே தட்டைத் தள்ளிவிடுவாள். கடலோரத்தில் பிறந்துவிட்டு இப்படி இரண்டு பேர். கிண்டல் செய்து செய்து எனக்கே அலுத்துப்போனது.

யெர்கோ ஆலையில் குழாய் பற்றவைக்கிற வேலை பார்த்தவன். மூலைக்கு மேலே மேட்டில் இப்போது புறாக்கள் குடியிருக்கின்றனவே, அதுதான் ஆலை. காரீயமும் துத்தநாகமும் உருக்கினார்கள். மூடி முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அதன் கழிவுத் தண்ணீரெல்லாம் நீளக் குழாய் வழியாகக் குடாவின் முனைக்கு அப்பால், வெளிக்கடலில் போய் விழுந்தது என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும். வரைபடத்திலும் அப்படித்தான் இருந்தது.

நான் சேறு பூச ஆரம்பித்த கோடையிலிருந்து யெர்கோ ஒரு விசித்திரமான வேலை செய்தான். தள்ளுவண்டியில் இரண்டு வாளி வைத்து, ஒன்றரை கிலோமீட்டர் நடந்து, ஓடை வாய்ச் சேற்றை அள்ளிக்கொண்டு வந்து முற்றத்தில் வைப்பான். "இதப் பூசு. அவ்வளவு தூரம் எதுக்குப் போற?" என்பான். நான் வாளியைத் தூக்கிப் பார்ப்பேன். "இது சேறா? சூப்பு. நீயே குடி" என்று தக்காளிச் செடிக்கு ஊற்றிவிடுவேன். மறு வாரம் மறுபடி கொண்டுவருவான். பெண்கள் கூட்டமாக அரைகுறையாக நிற்பது அவனுக்குப் பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

போன வருஷம் எனக்கு ஒரு யோசனை தோன்றியது. பக்கத்துத் தீவில் "மருத்துவச் சேறு" என்று பலகை வைத்திருக்கிறார்கள், ஜெர்மன்காரர்கள் வரிசையில் நிற்கிறார்கள். நம்முடையது அதைவிடக் கனம். நகராட்சிக்கு மனு எழுதினேன். எங்கள் சேற்றைப் பரிசோதித்துச் சான்றிதழ் தர வேண்டும் என்று நாற்பத்தொரு பெண்களிடம் கையெழுத்து வாங்கினேன். யெர்கோ அந்தத் தாளை வெகுநேரம் படித்தான். பிறகு எழுந்து வெளியே போய்விட்டான்.

இந்த வருஷம் ஜூலையில், அந்த மனுவின் பேரில் ஸ்ப்ளிட் நகரத்திலிருந்து நிவெஸ் வந்தாள். கடலடி மண்ணை ஆராய்கிறவள். ஒல்லிப் பெண், வெயிலில் மூக்கு உரிந்திருந்தது. ஆள் உயரக் கண்ணாடிக் குழாயைக் கடலடியில் அழுத்தி இறக்கி, சேற்றை அப்படியே தூணாக மேலே கொண்டுவந்தாள். மேலே பழுப்பு, நடுவில் மை போலக் கறுப்பு, அடியில் சாம்பல் நிறம்.

"மேல இருக்கிறது இப்பத்தது, அத்தை. கீழ போகப் போகப் பழசு. இந்தக் கறுப்பு ஆலை ஓடின காலம்" என்றாள்.

"கறுப்புதான் நல்லாப் பிடிக்கும். நாங்க தோண்டி அதைத்தான் எடுப்போம்" என்று ஸோர்கா பெருமையாகச் சொன்னாள். நிவெஸ் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

ஆகஸ்ட் கடைசியில் முடிவோடு வந்தாள். நாங்கள் மூன்று பேரும் சேறு பூசி நின்றுகொண்டிருந்தோம். கையில் தாளை வைத்துக்கொண்டு எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் நின்றாள்.

"அத்தை, இதுல கன உலோகம் இருக்கு. நிறைய இருக்கு."

ஸோர்கா காய்ந்த கைகளைத் தட்டினாள், சேறு பொடியாக உதிர்ந்தது. "நாங்க என்ன சொன்னோம்? வின்கா வெறுங்கையால தூக்கிப் பாத்தே சொல்லிட்டா. நீங்க மிஷினு வெச்சு ஒண்ணரை மாசம் கழிச்சுச் சொல்றீங்க."

"எத்தனை கனம்னு பலகையில போடலாம்ல? அந்தத் தீவுக்காரன் வயிறெரியணும்" என்றேன் நான்.

நிவெஸ் சிரிக்கவில்லை. "கன உலோகம்னா காரீயம் அத்தை. காட்மியம். உள்ள போனா விஷம்."

சேறு பூசிய முகத்தில் முகபாவம் தெரியாது என்பது அன்றைக்கு ஒரு வசதியாக இருந்தது.

"பூசுறதால தோல் வழியா அவ்வளவா இறங்காது. கை கழுவாம சாப்பிட்டாத்தான். எனக்குப் பயம் சிப்பி. அது தண்ணிய உறிஞ்சி வடிகட்டித்தான் உயிர் வாழுது. நீங்க சேறு தோண்டிக் கலக்கும்போதெல்லாம் கலங்கினது அதுக்குள்ள போகுது. இந்தத் துறைக்கட்டைல இருக்கிற சிப்பிய யாரும் சாப்பிடக் கூடாது. அதுலயும் சின்னப் பிள்ளைங்க, வயித்துப் பிள்ளைக்காரிங்க..." என்று நிறுத்தி எங்களைப் பார்த்தாள். "யாராவது இருக்காங்களா?"

நெதில்கா மெதுவாக என் பக்கம் திரும்பினாள். "குமா. மார்த்தா."

மார்த்தாவுக்கு ஆறாம் மாதம். கல்யாணமாகிப் பத்து வருஷம் கழித்து, மூன்று முறை கலைந்து, நான்காவதாகத் தங்கிய பிள்ளை. உடம்பில் இரும்புச்சத்து குறைவு என்று டாக்டர் சொன்னதும், மே மாதத்திலிருந்து ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஒரு ஜாடிச் சிப்பி வேகவைத்து, யெர்கோ கையில் கொடுத்து, அவள் இருக்கும் ஸ்ப்ளிட்டுக்குப் போகும் பேருந்து டிரைவரிடம் சேர்க்கச் சொன்னேன். "எனக்குப் பிடிக்காதே அம்மா" என்றாள். வயிற்றில் பிள்ளை வந்தால் நாக்கு மாறும், தின்னு என்று அடித்துச் சொன்னேன். திங்கட்கிழமை ஜாடி பளபளவென்று கழுவித் திரும்பி வரும், உள்ளே ஒரு துண்டுச் சீட்டு: அருமை அம்மா. பதினாறு ஜாடி அனுப்பியிருந்தேன்.

சேற்றைக்கூடக் கழுவாமல் வீட்டுக்கு ஓடினேன். தெருவில் குழந்தைகள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். யெர்கோ சமையலறையில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தான். மூச்சு வாங்க எல்லாவற்றையும் கொட்டினேன். அவன் கத்தியை வைத்துவிட்டு எழுந்தான்.

"பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாது" என்றான்.

"உனக்கு எப்படித் தெரியும்? நீ டாக்டரா?"

"ஆகாதுன்னா ஆகாது, வின்கா."

"பதினாறு ஜாடி யெர்கோ. என் கையால."

"நீ அவளுக்குப் போன் போட்டு அழுது வைக்காத. அவளுக்கு ரத்த அழுத்தம் இருக்கு. நான் பக்குவமாச் சொல்றேன். ரத்தம் எடுத்துப் பாக்கச் சொல்றேன்."

முற்றத்தில் அத்திமரத்தடியில் நின்று மகளோடு வெகுநேரம் பேசினான். திரும்பி வந்து, "நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போறாளாம். நீயும் இங்க ரத்தம் குடு" என்றான். முகத்தில் ஒரு கலக்கமும் இல்லை. உட்கார்ந்து மறுபடி உருளைக்கிழங்கை எடுத்துக்கொண்டான். நாற்பத்து மூன்று வருஷம் ஒரு கல்லோடு குடித்தனம் நடத்தியிருக்கிறேன் என்று நினைத்தேன்.

இரண்டு நாள் கழித்து நகராட்சி அதிகாரி வரைபடத்தோடு படகுத்துறைக்கு வந்தார். நிவெஸையும் எங்களையும் கூப்பிட்டிருந்தார். ஆலைக் குழாய் முனைக்கு அப்பால் விழுகிறது, மூலைக்கும் ஆலைக்கும் சம்பந்தமே இல்லை, ஆகவே பரிசோதனையில் ஏதோ பிசகு என்றார். மாதிரி எடுத்த இடத்தில் யாரோ பழைய பேட்டரி போட்டிருக்கலாம் என்றார். சுற்றுலாப் பருவம் கெட்டுவிடும் என்பதைச் சொல்லாமல் சொன்னார். மறு பரிசோதனை வேண்டும், அதுவரை எச்சரிக்கைப் பலகை வேண்டாம் என்று ஒரு கடிதம் தயாராக இருந்தது. கேட்டது மனு எழுதிய பெண்களின் கையெழுத்து.

"மூணு தரம் சோதிச்சிருக்கேன். பிசகு இல்ல" என்றாள் நிவெஸ். "ஆனா இங்க எப்படி வந்துச்சுன்னு எனக்கும் தெரியல. முனைகிட்ட எடுத்த மண்ணு சுத்தமா இருக்கு."

அதைக் கேட்டதும் எனக்குள் ஒரு வெளிச்சம். முனையில் சுத்தம் என்றால் பரிசோதனைதான் தப்பு. தப்பு என்றால் பதினாறு ஜாடியும் வெறும் சிப்பி. அந்தப் பெண்ணின் உரிந்த மூக்கையும் நேர்மையான கண்ணையும் பார்த்துக்கொண்டே அவள் பொய்யாகிப் போகவேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

"குடுங்க, நான் மொதல்ல போடுறேன்" என்று பேனாவை வாங்கினேன்.

"கையெழுத்துப் போடாத."

யெர்கோ கையில் கடப்பாரையோடு வந்து நின்றான். அந்த மூலைக்கு அவன் வந்து நான் பார்த்ததே இல்லை. என்னைப் பார்க்காமல் அதிகாரியைப் பார்த்துப் பேசினான்.

"வரைபடம் பழசு. எழுபத்தொன்பதுல குழாய் ரோட்டுக்கடியில உடைஞ்சு போச்சு. சரி பண்ணணும்னா உலைய நிறுத்தணும். நிறுத்த மேல இருந்தவங்களுக்கு மனசில்ல. மேட்டுலயே வெட்டி இந்தப் பக்கம் திருப்பிவிடச் சொன்னாங்க. ரெண்டு மாசத்துக்குன்னாங்க. ஆலை மூடுறவரைக்கும் அப்படியே ஓடுச்சு."

"இதுக்கு என்ன ஆதாரம்?" என்றார் அதிகாரி.

யெர்கோ கரைக்குப் போனான். மூன்றாவது பைன் மரத்துக்கு நேர் கீழே, நாங்கள் துண்டு காயப்போடும் பெரிய கற்களைக் கடப்பாரையால் ஒவ்வொன்றாகப் புரட்டினான். நான்காவது கல்லுக்கடியில் துருப்பிடித்த குழாயின் வாய், என் தலை நுழையும் அகலம்.

"மேட்டுல இதத் திருப்பிப் பத்தவெச்சது நான்தான். எனக்கு அப்ப இருபத்திநாலு வயசு" என்றான்.

அதிகாரி கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். நிவெஸ் குழாய்க்குப் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்து படம் எடுத்தாள். எழுந்து அவன் கையைப் பிடித்து, "நன்றி மாமா" என்றாள். ஸோர்காவுக்கு வாழ்க்கையில் முதல்முறையாகப் பேச்சு வரவில்லை.

எனக்கு வந்தது. "தெரியும். உனக்குத் தெரியும். தெரிஞ்சுகிட்டே வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை அந்த ஜாடிய நீயே பஸ்ஸுக்குத் தூக்கிட்டுப் போன."

அவன் கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தான்.

அதற்குப் பிறகு பதினொரு நாள் அவனோடு பேசவில்லை. சமைத்தேன், அவன் தட்டை மேஜையில் வைத்தேன், அவ்வளவுதான். வாளி வாளியாக அவன் ஓடைச் சேற்றைச் சுமந்தது எதற்கென்று இப்போது புரிந்தது. புரிந்தது ஆத்திரத்தைக் கூட்டத்தான் செய்தது. என் முழங்காலுக்காகத் தள்ளுவண்டி தள்ளியவன், பேரப்பிள்ளைக்கு விஷம் போவதை வாய் திறக்காமல் பார்த்திருக்கிறான். இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது? மார்த்தாவோடு போனில் மழை, வெயில், தொட்டில் வாங்கியாயிற்றா என்பதைத் தவிர வேறு எதையும் பேச எனக்குத் துணிவில்லை. அவளும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நெதில்கா தினமும் வந்து பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். "அழு குமா, உள்ள வெச்சுக்காத" என்பாள். எனக்கு அழுகை வரவில்லை. மகளின் வயிற்றுக்குள் அந்தப் பிள்ளை எப்படி இருக்கிறதோ என்று மட்டும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பன்னிரண்டாம் நாள் காலை, எங்கள் ரத்தத்தைச் சோதித்த முடிவு கைக்கு வந்ததும் நிவெஸ் போனில் கூப்பிட்டாள்.

"அத்தை, உங்களுக்கு அளவு அதிகமாத்தான் இருக்கு. டாக்டரப் பாருங்க. சிப்பிய நிறுத்தினா மாசக்கணக்குல கொஞ்சம் கொஞ்சமா இறங்கும்."

"என்னத் தள்ளு பொண்ணே. மார்த்தா?"

"ஒண்ணுமே இல்ல அத்தை. ஸ்ப்ளிட்டுல யார எடுத்தாலும் இருக்கிற அளவுதான். பிள்ளை நல்லா இருக்கும்."

போனை வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து அழுதேன். பதினொரு நாள் அழுகையும் சேர்ந்து வந்தது. யெர்கோ சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான், பக்கத்தில் வரவில்லை. முகம் கழுவிய பிறகுதான் எடை போட்டவளுக்கு உறைத்தது. பதினாறு ஜாடி தின்றவளுக்கு எப்படி ஒன்றுமே இல்லாமல் இருக்கும்? மார்த்தாவைக் கூப்பிட்டேன்.

"அம்மா, நான்தான் சாப்பிடவே இல்லையே" என்றாள் அவள். "எல்லாத்தையும் கொட்டிட்டு ஜாடியக் கழுவி அனுப்பினேன். நீ மனசு கஷ்டப்படுவேன்னு சீட்டு வெச்சேன். அப்பா உங்கிட்ட சொல்லலியா?"

"என்ன சொல்லணும்?"

"அன்னிக்கே சொல்லிடுறேன்னாரு. நீ வாயத் தொறக்காத, இது நான் சொல்ல வேண்டியது, என்னை விடுன்னு கெஞ்சினாரு. சொல்லியிருப்பாருன்னு நெனச்சேன். நீ என்மேல கோவமா இருக்க, அதான் பேச்ச எடுக்கலன்னு..."

"எதச் சொல்ல வேண்டியது மார்த்தா?"

"எனக்கு ஏழு வயசுல அப்பா ஒரு நாள் என்னைத் துறைக்குக் கூட்டிட்டுப் போனாரு. இந்தக் கட்டைல இருக்கிற சிப்பிய எப்பவும் தின்னாதே, அம்மா குடுத்தாலும் தின்னாதே, பிடிக்கலன்னு சொல்லிடுன்னாரு. சத்தியம் வாங்கிக்கிட்டாரு. எனக்குச் சிப்பி பிடிக்குமா பிடிக்காதான்னே தெரியாதும்மா. நான் தின்னதே இல்ல."

பேரப்பிள்ளை பிழைத்துவிட்டது. அந்தச் சந்தோஷம் பொய்யில்லை, இன்றுவரை அதற்காக முழங்கால் வலிக்க வலிக்க மெழுகுவர்த்தி ஏற்றுகிறேன். ஆனால் போனை வைத்தபோது என் நெஞ்சில் வந்து உட்கார்ந்தது வேறு. மகளைக் காப்பாற்றியிருக்கிறான். தன்னைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறான். அந்த மேஜையில் மூன்றாவதாக உட்கார்ந்து சிப்பி தின்றவளை விட்டுவிட்டான்.

முற்றத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தான். நான் முன்னால் போய் நின்றதும் நிமிர்ந்தான். எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவனுக்குத் தெரிந்தது.

"அவகிட்ட சொன்ன. எங்கிட்ட ஏன் சொல்லல?"

கீரைக்காம்பைக் கிள்ளியபடி இருந்தான். பிறகு, "அவ ஏழு வயசுப் பிள்ளை. தின்னாதேன்னா சரின்னுட்டா. நீ ஏன்னு கேப்ப" என்றான்.

"கேட்டா?"

"நான்தான் பத்தவெச்சேன்னு சொல்லணும்."

"சொல்லியிருக்கலாம்ல. கத்தியிருப்பேன். ஒரு வாரம் பேசாம இருந்திருப்பேன். இந்த ரத்தத்தைவிட அது பெரிசா?"

"மொத வருஷம் சொல்லியிருக்கலாம்" என்றான். "ரெண்டாம் வருஷம், ஏன் போன வருஷமே சொல்லலன்னு கேப்ப. பத்தாம் வருஷம்..." நாற்பத்து மூன்று வருஷத்தில் அவன் அழுது நான் பார்த்ததில்லை. கண்ணீர் கீரைமேல் விழுந்தது, துடைக்கக்கூட அவனுக்குத் தோன்றவில்லை. "நீ தின்னுறப்பல்லாம் தட்டப் பாக்காம ஜன்னலப் பாப்பேன் வின்கா."

எனக்கு அவனை அடிக்கவேண்டும் போல இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து தலையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை.

"இப்பக் கேக்கிறேன்" என்றேன். "ஒண்ணு விடாமச் சொல்லு. குழாய் உடைஞ்ச நாள்லேருந்து ஆரம்பி. யார் சொன்னது, நீ என்ன சொன்ன, அன்னிக்கு வீட்டுக்கு வந்து எங்கிட்ட என்ன பேசின, எல்லாம்."

அவன் பெஞ்சில் நகர்ந்து எனக்கு இடம் விட்டான். "நிக்காத, கால் வலிக்கும். உக்காரு, சொல்றேன்."

"மொதல்ல நீ சொல்லு. உக்காரலாமா வேணாமான்னு அப்புறம் பாக்கலாம்."